1947-ஆம் வருஷத்துப் புட்டி

திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. கள்ளுண்ணாமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. சரித்திர உபாத்தியாயராக இருந்தாலும், தமிழாசிரியர் இல்லாத வருஷங்களில் இவ்விரண்டு அதிகாரங்களையும் பையன்களுக்கு நடத்தியவர் நாம். இரண்டும் ஒரே சாப்பாட்டு மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்துகொண்டு, "எந்தப் பக்கம் வரப் போகிறாய்?" என்று நம்மைப் பார்த்துக் கேட்கும் என்று நாம் கனவிலும் எண்ணியதில்லை. அப்படி ஓர் இரவு 2024-ஆம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில் வந்து சேர்ந்தது. இடம், இத்தாலி தேசத்தின் வடமேற்கு மூலையில் உள்ள ஒரு குன்று.

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் டூரின் நகரில் இஞ்சினீயராக இருக்கிறார். "ஸார்! வகுப்பில் காவூரைப் பற்றி அவ்வளவு சொன்னீர்களே! அவர் பிறந்த ஊரில்தான் நான் இருக்கிறேன். ஒரு தடவை வந்து பார்க்கக் கூடாதா?" என்று மூன்று வருஷமாக டெலிபோனில் அழைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு கிடைப்பது சாமான்யமா? கிடைத்தது. நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நம் இல்லத்தரசியார் பெட்டியைக் கட்டி முடித்துவிட்டார்.

டூரினிலிருந்து தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் மோட்டாரில் சென்றால் ஆல்பா என்னும் பழைய பட்டணம் வருகிறது. அதைத் தாண்டியதும் சமவெளி முடிந்து லாங்கே என்னும் குன்றுப் பிரதேசம் தொடங்குகிறது. ஒன்றன்பின் ஒன்றாக அலை அலையாய்க் குன்றுகள். ஒவ்வொரு சரிவிலும் சீப்பால் வாரிவிட்டதுபோல் திராட்சைக் கொடி வரிசைகள். உச்சியில் ஒரு கிராமம், ஒரு கோயில் மணிக்கூண்டு, சில இடங்களில் ஒரு கோட்டை. நாம் சென்றபோது இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறியிருந்தன. 2014-ஆம் வருஷத்தில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்தத் திராட்சைத் தோட்டக் காட்சியை உலகப் பாரம்பரியச் சொத்துக்களில் ஒன்றாகச் சேர்த்தது. நாலைந்து தலைமுறைக் குடியானவர்களின் முதுகெலும்பு வளைந்து உண்டாக்கிய அழகு அது.

வழியில் கிரின்ஸானே என்னும் சிற்றூரில் இறங்கினோம். சிதறிக் கிடந்த இத்தாலியை ஒரே தேசமாக்கிய ராஜதந்திரி காவூர், 1832 முதல் 1849 வரையில் 17 வருஷம் இந்தச் சிற்றூரின் கிராமத் தலைவராக இருந்தார். அங்குள்ள கோட்டையிலே வசித்துத் திராட்சைச் சாகுபடியைச் சீர்திருத்துவதில் ஈடுபட்டிருந்தார். தேசத்தை ஆளப் போகிறவர் முதலில் ஒரு கிராமத்தின் வாய்க்காலையும் வரப்பையும் கவனித்திருக்கிறார் என்ற விஷயத்தை ஊருக்குத் திரும்பியதும் பையன்களுக்குச் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

பொழுது சாயும் வேளைக்கு ஸெர்ரலுங்கா என்னும் கிராமத்தை அடைந்தோம். 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒடுங்கி உயர்ந்த கோட்டை ஒன்று கிராமத்தின் நடுவே ஒற்றை விரலைப்போல் நிற்கிறது. மேற்கே ஆல்ப்ஸ் மலைத் தொடர். அதில் போ நதி பிறக்கும் மோன்விஸோ சிகரம் தனியே தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழும்பிச் சிகரத்தையும் தோட்டத்தையும் விழுங்கிவிட்டது. மூடுபனிக்கு இத்தாலியில் நெபியா என்று பெயர். இங்கே விளையும் திராட்சைக்கு நெப்பியோலோ என்று பெயர். இந்தப் பனிக்காலம் வரையில் பழுக்காமல் கொடியில் தங்குவதால் அந்தப் பெயர் ஏற்பட்டது என்று சொல்கிறார்கள்.

நம் மாணவரோடு வேலை செய்யும் ஓர் அம்மாளின் பிறந்த வீடு அங்கே இருக்கிறது. அந்த அம்மாளின் தகப்பனாருக்கு அந்த வாரத்தில் பிறந்த நாள். 77 வயது முடிந்தது. அதற்காக நடந்த விருந்துக்குத்தான் நம்மையும் அழைத்திருந்தார்கள். பெரியவர் வாசலிலேயே நின்று இரண்டு கைகளாலும் நம் கையைப் பிடித்துக்கொண்டார். மண்வெட்டியின் காய்ப்பு ஏறிய கை. அவர் பேசியது பெரும்பாலும் அந்த ஜில்லாவின் வட்டார மொழி. அது நம் மாணவருக்கே பாதிதான் விளங்கிற்று. மகள் அதை இத்தாலியில் சொல்ல, மாணவர் தமிழாக்க, இரண்டு மதகுகளைக் கடந்து பாயும் கால்வாய் நீரைப்போல் சம்பாஷணை மெதுவாக நடந்தது.

மேஜையின் நடுவே ஒரு கரும்பச்சைப் புட்டி நிமிர்ந்து நின்றது. சீட்டு ஒன்றும் ஒட்டவில்லை. கழுத்தில் ஒரு காகிதத் துண்டைக் கயிற்றால் கட்டி, அதில் மங்கிய மையில் 1947 என்று எழுதியிருந்தது. "மூன்று நாளாக அதை இப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார். யாரையும் தொட விடவில்லை," என்றார் மகள்.

அந்தப் புட்டியின் கதையைப் பெரியவர் சொன்னார்.

அவருடைய தகப்பனார் மலைப் படையிலே சிப்பாயாக இருந்தவர். கூனியோ ஜில்லாவின் இளைஞர்கள் மிகுந்திருந்த அந்தப் படைப் பிரிவு 1943 ஜனவரியில் ரஷ்யாவின் டான் நதிக்கரையிலிருந்து பின்வாங்கியபோது அநேகமாக முழுவதுமே அழிந்துபோயிற்று. பிழைத்து வந்த சிலரில் அவர் ஒருவர். யுத்தம் முடிந்து கலியாணம் செய்துகொண்டார். 1947-இல், திராட்சை அறுவடைச் சமயத்தில், தலைப்பிள்ளை பிறந்தது. அந்த வருஷம் கோடை நன்றாகக் காய்ந்து, திராட்சை மிக உயர்வாக விளைந்தது. இன்றும் பரோலோ ஒயினின் சிறந்த வருஷங்களை எண்ணுகிறவர்கள் 1947-ஐ விடுவதில்லை.

"ஆனால் சிறந்த விளைச்சல் எங்கே போயிற்று தெரியுமா?" என்று பெரியவர் கேட்டார். "ஆல்பா சந்தைக்குப் போயிற்று. வியாபாரி சொன்னது விலை. எங்களைப் போன்றவர்கள் பழத்தை விற்றுவிட்டு, பிழிந்த சக்கையிலே தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, அந்தக் கழுநீரைக் குடித்தோம். பரோலோ என்ன ருசி என்று பரோலோ விளைவித்தவர்களுக்குத் தெரியாது."

இது அவர் வீட்டுக் கதை மட்டும் அல்ல. இந்தக் குன்றுகளின் வறுமை பெயர் பெற்றது. ஆல்பாவில் பிறந்த எழுத்தாளர் பெப்பே பெனோலியோ 1954-இல் வெளியிட்ட 'லா மலோரா' என்ற நாவல், பிறர் நிலத்தில் கூலிக்கு விடப்பட்ட ஒரு குடியானவப் பையனின் துன்பத்தைச் சொல்வது. பின்னால் டூரினின் மோட்டார்த் தொழிற்சாலைகளும் ஆல்பாவின் மிட்டாய்த் தொழிற்சாலையும் வளர, இளைஞர்கள் மண்ணை விட்டுப் போனார்கள். 1966-இல்தான் பரோலோவுக்குச் சட்டப் பாதுகாப்பு ஏற்பட்டது. இன்றைய விதிப்படி 11 கிராம எல்லைகளுக்குள், நெப்பியோலோ ஒன்றிலிருந்தே செய்து, 38 மாதம் காத்திருந்து, அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில் வைத்த பிறகே அந்தப் பெயரைச் சொல்லி விற்கலாம்.

பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் அந்தச் சிப்பாய், வியாபாரிக்குக் கொடுக்காமல் ஒரு கூடைப் பழத்தை மறைத்து வைத்தாராம். அதிலிருந்து 12 புட்டி ஒயின் செய்து, 'பிள்ளை பெரியவனானதும் குடிக்கட்டும்' என்று நிலவறையில் அடுக்கினார். ஆலங்கட்டி மழையில் விளைச்சல் போன வருஷம் சில புட்டிகளை விற்றார். உழவு மாடு செத்த வருஷம் சிலவற்றை விற்றார். வைத்தியருக்குப் பணத்துக்குப் பதிலாகச் சிலவற்றைக் கொடுத்தார். எஞ்சியது ஒன்று. தகப்பனார் காலமான பிறகு மகனுக்கு அதைத் திறக்கத் துணிவு வரவில்லை.

"காடியாகப் போயிருந்தால்? திறக்காத வரையில் அது நல்ல ஒயின்தானே!" என்று பெரியவர் சிரித்தார். பிறகு, "என் அப்பா செய்த ஒயினை நான் ஒரு சொட்டுக்கூட ருசித்ததில்லை. இனிமேல் காத்திருந்தால் அது இருக்கும், நான் இருக்க மாட்டேன்," என்றார்.

நமக்கும் ஒரு கண்ணாடிக் கிண்ணம் வைத்தார்கள். இங்கேதான் அதிகாரங்கள் இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்தன.

நாம் மது அருந்துவதில்லை என்பதை மரியாதையாகச் சொன்னோம். காரணத்தையும் மறைக்கவில்லை. திங்கட்கிழமைக் காலையில் வகுப்பில் தலையைச் சாய்த்துத் தூங்கும் பையனை எழுப்பி விசாரித்தால், முதல் நாள் கூலி முழுவதும் தகப்பன் குடித்துவிட்டதால் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பான். வருஷா வருஷம் இப்படிச் சிலரைப் பார்க்கிறோம். அந்த வருஷம் ஜூன் மாதத்தில்தான் எங்கள் மாகாணத்தில் கள்ளக்குறிச்சியில் மெதனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தச் செய்தி வந்த வாரத்தில் வகுப்புக்குள் நுழையவே நமக்குக் கால் வரவில்லை. இதையெல்லாம் சொன்னோம். நம் மாணவர் மொழிபெயர்க்கும்போது குரல் தாழ்ந்தது.

பெரியவர் கோபித்துக்கொள்வார் என்று அஞ்சினோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மெதனால்! 1986," என்று முணுமுணுத்தார். அந்த வருஷம் மார்ச் மாதத்தில் இத்தாலியில் மலிவான ஒயினில் சிலர் மெதனாலைக் கலந்து விற்றார்கள். அதனால் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலர் பார்வையை இழந்தார்கள். அந்த விஷ ஒயின் புறப்பட்ட இடங்களில் ஒன்று இதே கூனியோ ஜில்லா. "நல்லவன் ஒயினையும் அப்போது யாரும் தொடவில்லை. சொந்தக்காரர்கள்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிண்ணத்தை எடுத்தார்கள். என் பாட்டனாரும் குடியால் கெட்டவர்தான். நீங்கள் குடிக்க வேண்டாம். ஆனால் முகர்ந்து பார்ப்பது குடிப்பது ஆகாது," என்றார்.

இந்தத் தீர்ப்புக்கு நம் இல்லத்தரசியாரும் சம்மதித்தார்.

புட்டியைத் திறக்கும் காரியம் ஆரம்பமாயிற்று. கழுத்தின் மெழுகைச் சின்னக் கத்தியால் சுரண்டினார். தக்கையின் தலை கறுத்துப் பூஞ்சணம் பூத்திருந்தது. அதை ஈரத் துணியால் துடைத்தார். தக்கைக்கும் ஒயினுக்கும் இடையே நாலு விரற்கடை காலியாக இருந்தது. தக்கை வழியே கண்ணுக்குத் தெரியாமல் ஒயின் ஆவியாகிக்கொண்டே வரும். அந்த இடத்தில் காற்று குடியேறும். காற்று மிகுந்தால் ஒயின் காடியாகும். நாலு விரற்கடை என்பது பயப்பட வேண்டிய அளவு என்று மகள் நம் காதருகில் சொன்னார்.

இத்தனை பழைய தக்கைக்குத் திருகாணி உதவாதாம். இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள ஒரு கருவியைத் தக்கையின் இரு பக்கமும் செருகி, அசைத்து அசைத்து இழுத்தார். பாதித் தக்கை வந்தது. மறு பாதி உள்ளேயே உதிர்ந்துவிட்டது. மேஜையைச் சுற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. பெரியவர் மட்டும் நிதானமாக ஒரு மஸ்லின் துணியைக் கேட்டு வாங்கி, கண்ணாடிக் கூஜாவின் வாயில் விரித்தார்.

விளக்கை அணைத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். புட்டியின் கழுத்துக்குப் பின்னால் சுடர் இருக்கும்படி வைத்துக்கொண்டு, நூலிழைபோல் ஊற்றினார். ஒயினில் உள்ள சாயமும் துவர்ப்பும் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் படிந்துவிடும். அதற்காகத்தான் புட்டியை மூன்று நாள் நிறுத்தி வைத்தது. நம் வீட்டுப் பெண்மணிகள் மண்டி கலங்காமல் தெளிவு ரசத்தை மட்டும் இறுத்து ஊற்றுவார்களே, அதே வித்தைதான். கழுத்துக்குள் புகைபோல் ஒரு கறுப்பு இழை எட்டிப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார்.

கூஜாவில் இருந்தது சிவப்பு ஒயின் என்றே சொல்ல முடியாது. பழைய செங்கல்லை நனைத்த நிறம், ஓரத்தில் ஆரஞ்சு. முதலில் எழுந்தது ஒரு புழுக்க வாடை. நெடுநாள் பூட்டிக் கிடந்த உள்ளறையைத் திறந்தால் வருமே, அது. மகளின் முகம் வாடியது. பெரியவர் கையை அமர்த்தி, "பொறுங்கள். அவர் தூங்கி எழுந்திருக்கிறார்," என்றார்.

அதற்குள் சாப்பாடு வந்தது. நாம் மாமிசம் உண்பதில்லை என்று முன்னமே சொல்லியிருந்ததால், சுட்ட குடைமிளகாயும், மக்காச்சோள மாவைச் செப்புக் கொப்பரையில் கிண்டிய களியும், அதன்மேல் உருக்கிய பாற்கட்டியும் செய்திருந்தார்கள். களியைப் பார்த்ததும் நமக்குச் சொந்த ஊர் வந்ததுபோல் இருந்தது. ஒரு காலத்தில் ஏழைகளுக்கு மூன்று வேளையும் இந்தக் களிதான் ஆகாரமாம். மேஜைக்கு மேலே கயிற்றில் ஓர் உப்பு மீனைத் தொங்கவிட்டு, குடும்பத்தார் ஒவ்வொருவரும் களித் துண்டை அதன்மேல் ஒரு தடவை தேய்த்து வாசனையோடு தின்பார்கள் என்று அந்தப் பக்கத்தில் வழங்கும் கதையைப் பெரியவர் சொன்னார். இன்று அதே களியை விருந்தில் வைக்கிறார்கள்.

கால் மணி சென்றிருக்கும். "இப்போது," என்று பெரியவர் ஒவ்வொரு கிண்ணத்திலும் இரண்டு விரல் அளவு ஊற்றினார். நாம் முகர்ந்தோம். புழுக்க வாடை போன இடம் தெரியவில்லை. புஸ்தகத்துக்குள் வைத்து மறந்துபோன ரோஜா இதழின் மணம் வந்தது. அதன் அடியில், வெயிலில் இளகிய தாரின் நெடி. அதற்கும் அடியில், மழை பெய்த தோப்பின் சருகு வாசனை. ரோஜாவும் தாரும் பரோலோவின் அடையாளங்கள் என்று சொல்வார்கள். ஒரு கிண்ணத்துக்குள் இத்தனையும் எப்படி வந்தன என்று திகைத்தோம்.

பெரியவர் ஒரு வாய் அருந்தினார். கண்ணை மூடிக்கொண்டார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வட்டார மொழியில் ஏதோ சொன்னார். மகள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மாணவர் நமக்குச் சொன்னார்: "துவர்ப்பு இன்னும் இருக்கிறதாம், ஸார். 'அப்பாவின் பிடிவாதம் இன்னும் போகவில்லை' என்கிறார்."

அப்பால் நம் பக்கம் திரும்பி, "1947-இல் உங்கள் தேசத்தில் என்ன நடந்தது?" என்று கேட்டார். சொன்னோம். ஆகஸ்டு 15-ந் தேதியைச் சொன்னோம். தேசம் பிளவுண்டு சிந்திய கண்ணீரையும் சொன்னோம். டில்லியில் அரசியல் நிர்ணய சபை அப்போது நடந்துகொண்டிருந்ததைச் சொன்னோம். அவர்கள் தேசத்திலும் அதே கதைதான். 1946 ஜூன் 2-ந் தேதி ஜனங்கள் வாக்களித்து ராஜாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய அரசியல் நிர்ணய சபை 1947 டிசம்பர் 22-ந் தேதி புதிய அரசியல் சட்டத்தை நிறைவேற்றியது. "அப்படியானால் உங்கள் சுதந்திரமும் நானும் இந்தப் புட்டியும் ஒரே வயது!" என்று பெரியவர் மேஜையைத் தட்டினார்.

பிறகு அவர் கேட்டதுதான் நம்மை மடக்கிவிட்டது. "என் வீட்டார் எனக்காகப் பொய் சொல்வார்கள். என் நாக்கோ அப்பாவின் பக்கம் சாயும். நீங்கள் உபாத்தியாயர். ஒரு நாளும் ஒயின் படாத நாக்கு. ஒரு கரண்டி மட்டும் ருசித்து உண்மையைச் சொல்வீர்களா?"

நம் இல்லத்தரசியாரைப் பார்த்தோம். அவர் பெரியவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் ஒரு தேக்கரண்டியை எடுத்து நம்மிடம் நீட்டினார்.

வாசகர்களிடம் ஒளிப்பதில் பயனில்லை. ருசித்தோம். புளிப்பு, அப்புறம் கொட்டைப்பாக்கைக் கடித்ததுபோல் ஈறெல்லாம் இழுக்கும் துவர்ப்பு. தித்திப்பு மருந்துக்கும் இல்லை. விழுங்கிய பிறகு மட்டும் அந்த உலர்ந்த ரோஜா மணம் தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏறி, நெடுநேரம் நின்றது. "மணம் உயர்வு. ஆனால் ருசி எனக்குப் பிடிக்கவில்லை," என்று உள்ளதைச் சொன்னோம். மொழிபெயர்க்க மாணவர் தயங்கினார். சொன்னதும் பெரியவர் விலாப் புடைக்கச் சிரித்தார். "உண்மையான பரோலோ! முதல் தடவை யாருக்குமே பிடிக்காது. காடியாக இருந்தால் இவர் முகம் வேறு விதமாகக் கோணியிருக்கும்!" என்று எல்லாரிடமும் சொன்னார். நம் அத்தாட்சி செல்லுபடியாகிவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி முகர்ந்து பார்க்கச் சொன்னார். ரோஜா போய்விட்டது. தாரும் போய்விட்டது. சருகு வாசனை மட்டும் மெல்ல இருந்தது. 77 வருஷம் இருட்டில் காத்திருந்தது, வெளிச்சத்துக்கு வந்து ஒரு மணிக்குள் தன் கதையைச் சொல்லி முடித்துவிட்டது. இன்னும் பத்து வருஷம் பூட்டி வைத்திருந்தால் சொல்வதற்கு அதனிடம் கதை இருந்திருக்குமோ, கேட்பதற்கு அவர்தாம் இருந்திருப்பாரோ! மிச்சமிருந்த மண்டியைப் பெரியவர் கொட்ட விடவில்லை. கொல்லைப் பக்கம் எடுத்துச் சென்று, வீட்டை ஒட்டிய திராட்சைக் கொடியின் அடியில் தாமே ஊற்றிவிட்டு வந்தார்.

நாங்கள் புறப்படும்போது மூடுபனி ஆளை ஆள் தெரியாமல் மூடியிருந்தது. பெரியவர் வாசல் விளக்கின் கீழ் நின்று, காலிப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மறு கையால் விடை கொடுத்தார்.

ஊர் திரும்பிப் பள்ளிக்கூடம் சென்றோம். திங்கட்கிழமைகளில் தலையைச் சாய்த்துத் தூங்கும் பையன் இன்னும் தூங்குகிறான். ஆகையால் கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் பற்றி நம் அபிப்பிராயத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இந்த வருஷமும் பழைய கண்டிப்புடனேயே நடத்தினோம். விருந்தோம்பல் அதிகாரத்தை நடத்தும்போதுதான், பாடப் புஸ்தகத்தில் இல்லாத ஓர் உதாரணத்தைச் சேர்த்துக்கொண்டோம். தகப்பனாரின் உழைப்பை முதல் தடவை ருசிக்கிற வேளையில், வழிப்போக்கர் இருவருக்கும் அதில் பங்கு வைத்து, பிடிக்கவில்லை என்று அவர்கள் சொன்னதற்கும் மகிழ்ந்த ஒரு குடியானவரின் கதை அது. பையன்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "அந்தப் பன்னிரண்டு புட்டியில் விற்ற பதினொன்றை யார் குடித்திருப்பார்கள், ஸார்?" என்று கேட்டான். சரியான கேள்வி. அதற்குள் மணி அடித்துவிட்டது.